சதுப்பு மானைக் காட்டியவர்களுக்கு

பவுலிசேயா ஊரின் படகுக்கார ஐயாவுக்கும், காப்பகக் காவலர்களுக்கும், எனக்குச் சோறு போட்ட செங்கல் சூளை வீட்டு அம்மாவுக்கும் வணக்கம்.

பிரேசிலிலிருந்து ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. விடைபெறும்போது உங்களிடம் சொல்ல, நன்றி என்று பொருள்படும் 'ஒப்ரிகாடோ' என்ற ஒரே சொல்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அது போதவில்லை. அதனால் எனக்கு வரும் மொழியில் எழுதுகிறேன். என்னோடு துணைக்கு வந்த தம்பி உங்களுக்கு இதைப் படித்துச் சொல்வதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். மூன்று நாளும் என் பேச்சை உங்களிடமும் உங்கள் பேச்சை என்னிடமும் சுமந்தவர் அவர். முதல் நன்றி அவருக்கு.

நான் மேட்டூர்க்காரன். 1934-ல் எங்கள் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய ஊர்களில் என் பாட்டனாரின் ஊரும் ஒன்று. நீர் வற்றும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். சிறுவயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டுவார். உங்கள் பக்கத்து அணை ஒன்றில் மூழ்கிய நிலத்துக்கு ஈடாக வேறொரு சதுப்பு நிலத்தை உயிர்களுக்கென்றே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று படித்த நாளிலிருந்து, அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்கு.

அதிகாலையில் படகு கிளம்பிய அரை மணி நேரத்தில் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டது. ஐயா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தோள்வரை நீருக்குள் விட்டு, கறுத்த வேர்களைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்து எறிந்தார். எங்கள் ஏரிகளை மூடிக் கெடுக்கும் அதே செடி. தென் அமெரிக்காதான் அதற்குத் தாய்வீடு என்பதை அங்கே பார்த்துத்தான் உணர்ந்தேன்.

கரையில் இறங்கியதும் காவலர் அம்மையார் சேற்றில் ஒரு தடத்தைக் காட்டினார். குளம்பு இரண்டும் அகல விரிந்து, நடுவே சவ்வு அழுந்திய சுவடு. அந்தச் சவ்வு இருப்பதால்தான் அவ்வளவு பெரிய மான் சேற்றில் புதையாமல் நடக்கிறது என்று சொல்லி, தன் உள்ளங்கையைத் தடத்தின்மேல் வைத்துக் காட்டினார். சற்றுத் தொலைவில் கோரைக்கு மேலே செம்பழுப்பு முதுகு ஒன்று அசைந்தது. கறுத்த கால்கள், அகன்ற காதுகள். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. எனக்குப் பேச்சு வரவில்லை.

1998 இறுதியில் போர்ட்டோ பிரிமவேரா அணையில் பரானா ஆற்றைத் தேக்கத் தொடங்கியபோது உங்கள் பகுதியில் இந்த மானின் மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் மூழ்கியது. அப்போது ஹெலிகாப்டரில் போய், நீரில் ஓடும் மானின்மீது குதித்துப் பிடித்துக் காத்த கால்நடை மருத்துவர்களை நான் சந்திக்கவில்லை. அவர்களுக்கும் என் வணக்கம்.

அகுவாப்பெயி ஆறு பரானாவில் சேரும் கூடுதுறையில் ஏறத்தாழ 14,000 ஹெக்டேர் தனியார் காப்பகமானது 2010-ல். உங்கள் நாட்டுச் சட்டப்படி அது நிலப்பத்திரத்திலேயே நிரந்தரமாகப் பதிவாகிறது. நிலம் யார் கைக்கு மாறினாலும் காப்பகம் மாறாது. நிலத்தின் உரிமையாளரான மின் நிறுவனத்தையே 2018-ல் அரசு ஏலத்தில் விற்றது. பத்திரத்தில் அந்த வரி அப்படியே நிற்கிறது. அந்த வரியை எழுதவைத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அதற்காக மூழ்கியதை மறந்துவிட மாட்டேன். காப்பகம் 140 சதுர கிலோமீட்டர். அணையின் ஏரி ஏறத்தாழ 2,250. ஈடாக வந்த மாநிலப் பூங்காக்கள் வேறு இருக்கின்றன என்றாலும், போனது போனதுதான். சூளை வீட்டு அம்மா இதை நொந்துகொள்ளாமல்தான் சொன்னார். மீன் குழம்பை எனக்கு இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டே, மூழ்கிய படுகையின் களிமண்ணில் வந்த சிவப்பு இப்போது எந்த மண்ணிலும் வருவதில்லை என்றார். பிறகு உள்ளே போய், அந்த மண்ணில் அறுத்துச் சுட்ட பழைய செங்கல் ஒன்றின் பாதியைத் துணியில் சுற்றிக்கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

அம்மா, அது பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் நந்தியின் படம் கேட்டீர்கள். வரும் கோடையில் நீர் இறங்கினால் உங்கள் செங்கல்லையும் எடுத்துப்போய், அதன் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மேட்டூரிலிருந்து உங்கள் விருந்தாளி