பாலத்தில் ஹாரன் அடிக்காத வண்டி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பாம்பனிலிருந்து ஒரு அண்ணன் கடைக்கு வந்தார். அதிகாலை 3 மணிக்கு மண்டபம் ஜெட்டிக்குப் போக பைக்கில் பாம்பன் பாலத்தில் வந்திருக்கிறார். எதிரே பஸ். ஹாரனை அமுக்கினால் சத்தமே இல்லை. பிரேக் பிடித்தபோது பின்னால் வந்த மீன் வண்டி உரசாமல் ஒதுங்கிப் போனது அவர் செய்த புண்ணியம். பிரேக் லைட்டும் எரியவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"பேட்டரி போச்சு தம்பி, புதுசு போட்டுரு" என்றார். சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். பாசிட்டிவ் முனையில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு, விரல் நகம் கனத்துக்கு. நட்டைத் தொட்டாலே ஆடியது. சுடுதண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, துடைத்து முறுக்கினேன். மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஹாரன் அடித்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது.

அவருடையது பழைய வண்டி. அந்த மாதிரி வண்டிகளில் என்ஜின் சுற்றும்போது காயிலில் உண்டாகும் கரண்டிலேயே என்ஜினும் ஹெட்லைட்டும் ஓடும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியை நம்பி இருப்பவை. வண்டி ஓடுகிறதே என்று நாம் இருந்துவிடுகிறோம். உயிரைக் காப்பாற்ற வேண்டிய மூன்றும் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன. 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதுப் புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டி என்றால் கதை வேறு. பெரும்பாலும் பெட்ரோல் பம்புக்கே பேட்டரி கரண்ட் வேண்டும். சில வண்டிகளில் கிக்கரும் கிடையாது.

நம் கரையில் களிம்பு சீக்கிரம் ஏறும். கச்சான் காற்று உப்பையும் மணலையும் அள்ளி வருகிறது. பின்னால் கட்டும் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் அதற்கு மேல். மாதம் ஒரு முறை சீட்டைத் திறந்து பாருங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் சேஸில் பட்டுப் பொறி பறக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றக்கூடியது. பீடி, சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். முறுக்கியபின் முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள், உப்பு அண்டாது.

ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை. மூடி திறக்கும் பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். குடிக்கவே கரிக்கும் தண்ணீர் அது. அந்த உப்பு ஈயத் தகடுகளை அரித்துவிடும். கேன் தண்ணீரும் ஆகாது, அதிலும் உப்புகள் உண்டு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல் கோட்டைத் தாண்டாமல். ஆசிட் ஊற்றவே கூடாது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத எம்.எஃப். பேட்டரியைத் திறக்கவே வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வண்டி எடுக்காமல் நிற்கும். கீழக்கரையிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் வண்டியும் அப்படித்தான். யாரும் ஓட்டப்போவதில்லை என்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். வீட்டில் தம்பி தினமும் செல்ஃப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் போதாது. செல்ஃப் தின்றது திரும்ப ஏறாது. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆளில்லை என்றால் மாதம் ஒருமுறை பேட்டரியைச் சார்ஜ் ஏற்றக் கடையில் கொடுங்கள். 5 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) கொள்ளளவு பேட்டரியை அரை ஆம்பியரில் மெதுவாகத்தான் ஏற்றுவோம். அவசரப்படுத்தாதீர்கள்.

மீட்டர் வைத்துப் பார்க்கக் காசு கிடையாது. ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். என்ஜினை முறுக்கினால் 13.5-லிருந்து 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் கோளாறு பேட்டரியில் இல்லை, பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட்டில் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்). அதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் வெந்துபோகும். அப்படி உங்களுக்கு நாங்கள் விற்க மாட்டோம்.

பழைய பேட்டரியைக் கடற்கரையில் உடைத்து ஆசிட்டைக் கொட்டாதீர்கள். இங்கே கொண்டு வாருங்கள், விலை போட்டு எடுத்துக்கொள்கிறோம். காலை 6 மணிக்கே கடை திறந்திருக்கும், கரை திரும்பும் வழியில் வரலாம்.

அன்புடன்,
உங்கள் பேட்டரி கடை,
மண்டபம்