கோப்பை இல்லாத பன்னிரண்டு பருவங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பேட் சம்மிட்டைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெண்கள் கூடைப்பந்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கினார்களே என்று முதல் முறை மகிழ்ந்தேன். இரண்டாம் முறை எரிச்சல்தான் வந்தது. 1,098 வெற்றிகள், எட்டுத் தேசியக் கோப்பைகள் என்று அடுக்கிவிட்டு, பயிற்சியாளரை அளக்கும் கோல் கோப்பைதான் என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கோலால் அளந்திருந்தால் 1986-லேயே அந்த அம்மாளை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதுவரை அவர் கையில் ஒரு தேசியக் கோப்பை கூட இல்லை.

அவர் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பொறுப்பை ஏற்றது 1974-இல். முதல் கோப்பை வந்தது 1987-இல். இடையில் பன்னிரண்டு பருவங்கள். சும்மா தோற்றுக்கொண்டிருந்த அணியும் அல்ல. அந்தப் பன்னிரண்டில் ஏழு முறை நாட்டின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தார்கள். ஏழு முறையும் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். 1980-இல் இறுதிப் போட்டியில் ஓல்டு டொமினியனிடம் தோல்வி. 1981-இல் லூசியானா டெக்கிடம். 1984-இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம். வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவரை நம் ஊர் வாய்கள் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். "ராசி இல்லாதவர்" என்பார்கள். 1987-இல் அதே லூசியானா டெக்கை 67-44 என்று வீழ்த்தித்தான் முதல் கோப்பையை வாங்கினார். உங்கள் கட்டுரை அந்த 1987-இல் தொடங்குகிறது. எனக்கு அதற்கு முந்திய கதைதான் முக்கியம்.

நான் ஒரு பள்ளியில் 27 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண்கள் கூடைப்பந்து அணியும் என் பொறுப்பில்தான் இருந்தது. அதனால் 1974-ஆம் ஆண்டு சம்மிட்டை என்னால் கண்ணால் பார்ப்பதுபோலப் பார்க்க முடிகிறது. வயது 22. பட்ட மேற்படிப்புக்காகவும் உதவிப் பயிற்சியாளராகவும் வந்த பெண்; இருந்த தலைமைப் பயிற்சியாளர் விலகியதால் அணியே தலையில் விழுந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் மூத்த மாணவிகளுக்கும் அவருக்கும் ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம். காலையில் உடற்கல்வி வகுப்பு எடுக்க வேண்டும், தன் படிப்பைப் படிக்க வேண்டும், மாலையில் அணியைப் பழக்க வேண்டும், போதாக்குறைக்கு அறுவை செய்த முழங்காலோடு ஒலிம்பிக்குக்குத் தானும் தயாராக வேண்டும். வெளியூர் ஆட்டங்களுக்கு வேனை ஓட்டிப்போனவரும் அவரே. ஜெர்சிகளைத் துவைத்தவரும் அவரே. அந்த ஜெர்சிகள் கூட, முந்தைய ஆண்டு மாணவிகள் டோனட் விற்ற காசில் வாங்கியவை. விடுதி எடுக்கப் பணம் இல்லாமல், எதிரணியின் உள்ளரங்கிலேயே பாய் விரித்துப் படுத்து, மறுநாள் அதே தரையில் ஆடியிருக்கிறார்கள்.

ஜெர்சி துவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பக்கம் இருந்தால் போடுங்கள். ஆட்டம் முடிந்த ஜெர்சியை அன்றிரவே நனைக்காவிட்டால் கழுத்துப் பட்டியில் வேர்வை உப்புப் பூத்துவிடும். வெயிலில் காயப்போட்டால் எண் உரியும். நிழலில் போட்டால் மறுநாள் காலைக்குள் காயாது. பத்தாம் எண்காரி எப்போதும் ஜெர்சியைச் சுருட்டி எறிவாள், ஏழாம் எண்காரி மடித்துத் தருவாள். இது தெரிந்த பயிற்சியாளருக்கு அந்தப் பெண்கள் ஆடுகளத்தில் எப்படி இருப்பார்கள் என்பதும் பாதி தெரிந்துவிடும். கோப்பை எண்ணிக்கையில் இது எந்தக் கட்டத்திலும் வராது.

சம்மிட் பிறந்த வீட்டைச் சொல்லாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. பண்ணைக் குடும்பம். மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. பசு கறக்க வேண்டும், வயலில் புகையிலை வெட்ட வேண்டும். இருட்டிய பிறகு வைக்கோல் பரணில் அண்ணன்களோடு கூடைப்பந்து. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது அவர்கள் பகுதிப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை. அப்பா அதிகம் பேசாத மனிதர், மகளைத் தட்டிக்கொடுக்கவும் தெரியாதவர். ஆனால் மகள் ஆடுவதற்காகக் குடும்பத்தையே மாவட்ட எல்லை தாண்டி ஹென்றியெட்டா என்ற ஊருக்குக் குடிபெயர்த்தார். பெண் விளையாடப் போகிறாள் என்று வீட்டை மாற்றிய ஒரு தகப்பனை என் 27 ஆண்டுகளில் நான் சந்திக்கவில்லை. விளையாட வேண்டாம் என்று பள்ளியை மாற்றிய தகப்பன்களைச் சந்தித்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் டென்னசியின் உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் ஆடிய கூடைப்பந்தே வேறு. ஓர் அணிக்கு ஆறு பேர். மூவர் தாக்குவதற்கு, மூவர் தடுப்பதற்கு. நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. அதாவது, தடுப்பு ஆட்டக்காரியாக நிறுத்தப்பட்ட பெண் பள்ளிக்காலம் முழுவதும் கூடையை நோக்கி ஒரு பந்துகூட எறியாமல் முடித்துவிடலாம். பெண் உடம்பு முழு ஆடுகளத்தையும் தாங்காதாம்! கல்லூரியில் ஐவர் ஆட்டம் ஆட வேண்டிய பெண்கள் பாதி ஆட்டக்காரிகளாக வந்து சேர்ந்தார்கள். இதை மாற்றச் சொல்லி வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்களில் சம்மிட்டும் ஒருவர். 1979-இல் அந்த மாநிலம் ஐவர் ஆட்டத்துக்கு மாறியது. என்னைக் கேட்டால் இதை ஒன்பதாவது கோப்பையாகக் கணக்கில் சேர்ப்பேன்.

அவருடைய ஆட்டத்தின் சாரம் என்ன என்று உங்கள் கட்டுரையாளர் "ஆக்ரோஷம்" என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டார். தாக்குதல் ஆட்டம் டிக்கெட் விற்கும், தடுப்பாட்டம் ஆட்டங்களை வெல்லும், ரீபவுண்ட்தான் (கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பது) கோப்பையை வெல்லும் என்பது சம்மிட் அணிகளின் பாலபாடம். ரீபவுண்ட் என்றால் ஏதோ உயரமாகக் குதிப்பது என்று பார்வையாளர்கள் நினைப்பார்கள். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும் அந்த அரை விநாடியில் புதிதாக ஆடும் பெண்கள் ஐவரும் அண்ணாந்து பந்தையே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பந்தை அல்ல. முதலில் எதிரணிக்காரி எங்கே என்று பார்க்க வேண்டும். ஒரு எட்டு வைத்து அவளுக்கு முன்னால் வந்து, திரும்பி முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்தி, அவள் நெருக்குவதை முதுகால் உணர்ந்துகொண்டே கைகளை விரித்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்து. குட்டையான பெண்கூட இப்படி நெட்டையான பெண்ணை வெளியே நிறுத்திவிடலாம். சொல்ல நான்கு வாக்கியம். ஒரு பெண்ணின் உடம்பில் இது தானாக வருவதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். இடித்துக்கொண்டு நிற்கக் கூச்சப்படும் பெண்ணுக்கு மூன்று. சம்மிட் தன் மாணவிகளை ஆண் மாணவர்களோடு மோதவிட்டுப் பழக்கினார். அந்த வழியை இன்று அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் பின்பற்றுகின்றன.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இரவு வெளியே சுற்றிவிட்டு வந்த மாணவிகளை, ஆடுகளத்தின் நான்கு மூலையிலும் குப்பைத் தொட்டி வைத்து, வாந்தி எடுக்கும்வரை ஓடவிட்டாராம். இதைப் பெருமைக் கதையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அப்படி ஓடவிட்டால் ஒழுக்கம் வரும் என்று நம்பிய காலம் எனக்கும் உண்டு. ஒரு பெண் மயங்கி விழுந்த அன்று அந்த நம்பிக்கை போயிற்று. ஆனால் அவருடைய இன்னொரு கண்டிப்பை மனமாரப் பாராட்டுவேன். வகுப்பில் முதல் மூன்று வரிசைகளில்தான் உட்கார வேண்டும். காரணமில்லாமல் வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டம் கிடையாது, எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் சரி. அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த மாணவிகளில் பட்டம் வாங்காதவர் ஒருவர்கூட இல்லை. 38 பருவங்களில் ஒருவர்கூட இல்லை!

1990 செப்டம்பரில் நடந்த கதை உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணியான சம்மிட், மிஷேல் மார்சினியாக் என்ற உயர்நிலைப் பள்ளி மாணவியைத் தன் அணிக்கு அழைக்க விமானம் ஏறிப் பென்சில்வேனியாவுக்குப் போனார். அந்தப் பெண்ணின் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே பனிக்குடம் உடைந்தது. திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் இறக்கிவிடலாம் என்று விமானிகள் சொன்னபோது வலியோடு வலியாக மறுத்துவிட்டார். காரணம் மருத்துவம் அல்ல. அந்த ஆண்டு மார்ச்சில் வர்ஜீனியா அணி கூடுதல் நேர ஆட்டத்தில் டென்னசியைத் தோற்கடித்து, கடைசி நான்கில் வரவிடாமல் செய்திருந்தது. கடைசி நான்கு அணிகளின் ஆட்டங்கள் டென்னசி அணியின் ஊரான நாக்ஸ்வில்லில் நடந்த ஆண்டு அது. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தனக்கே அழைப்பில்லாமல் போன கோபம். பிள்ளை அந்த மண்ணில் பிறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாக்ஸ்வில் வந்து பெற்றெடுத்தார். இத்தனை பாடுபட்டு அழைத்த மார்சினியாக் முதலில் வேறு பல்கலைக்கழகத்துக்குத்தான் போனார் என்பது கதையின் மறுபாதி. ஓராண்டில் மனம் மாறி டென்னசிக்கு வந்தார். 1996 கோப்பை அவர் ஆடி வென்றது.

ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வரும்படி அதே பல்கலைக்கழகம் அழைத்தபோது, அது எப்படி எனக்கு உயர்வாகும் என்ற தோரணையில் மறுத்துவிட்டார். இதை உங்கள் கட்டுரையாளர் "தியாகம்" என்கிறார். அதில் தியாகம் எங்கிருந்து வந்தது? தன் வேலை சின்ன வேலை என்று நினைப்பவர்தான் அதில் தங்குவதைத் தியாகம் என்பார்.

2011-இல், 59 வயதில், வழக்கமான வயதுக்கு முன்பே வரும் வகை அல்சைமர் மறதி நோய் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் ஒரு பருவம் முழுவதும் அணியோடு நின்றார். 2012-இல் பொறுப்பை ஹோலி வார்லிக்கிடம் கொடுத்தார். வார்லிக் அவரிடமே ஆடியவர், பிறகு பல ஆண்டுகள் அவருக்கு உதவியாளராக இருந்தவர். 2016 ஜூன் 28-இல் சம்மிட் மறைந்தபோது வயது 64.

இவ்வளவையும் நான் எழுத ஒரு சொந்தக் காரணமும் உண்டு. மறைப்பானேன். நான் பழக்கிய அணி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மாவட்ட அரையிறுதியில் தோற்றது. நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, கோப்பை அலமாரியைக் காட்டி, "இதில் உங்கள் பங்கு எது டீச்சர்?" என்று கேட்டது. அணி வேறொருவர் கைக்குப் போயிற்று. எனக்கு ஓட்டப் பந்தயங்களைக் கொடுத்தார்கள். அவர் வந்த ஆண்டே அணி கோப்பை வாங்கியது. நல்ல மனிதர், கெட்டிக்காரர், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்று இறுதி ஆட்டத்தில் ரீபவுண்டுக்கு இடுப்பைத் தாழ்த்தி நின்ற ஐவரையும் ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கியது யார் என்று அலமாரியில் எழுதியிருக்கவில்லை. கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். பத்தாம் எண்காரி ஆட்டம் முடிந்ததும் ஜெர்சியைச் சுருட்டித் தூக்கிப் போட்டதையும் பார்த்தேன்.

உங்கள் அடுத்த கட்டுரையில் 1,098 வெற்றிகளைப் போடும்போது பக்கத்திலேயே 208 தோல்விகளையும் போடுங்கள். அதுவும் அவருடைய கணக்குதான்.

ஒரு பிழைதிருத்தமும் தேவைப்படுகிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் சம்மிட் தங்கம் வென்றதாக அச்சாகியிருக்கிறது. அது வெள்ளி; பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற அந்த ஆண்டு தங்கம் சோவியத் அணிக்குப் போனது. சம்மிட்டின் தங்கம் 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில், பயிற்சியாளராக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பள்ளியில் என் பேத்தி படிக்கிறாள்.)