ஏன் வட்டமடிக்கிறது என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோளாறால் விமானம் திரும்பியது என்று எங்கே செய்தி வந்தாலும் எனக்கு 2024 அக்டோபர் 11 நினைவுக்கு வந்துவிடும். அன்று ஆயுதபூஜை. பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் பிடித்த ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, தெருப் பிள்ளைகளுக்குப் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா அழுதுகொண்டே ஓடி வந்தார். அவர் மகன் ஏறிய ஷார்ஜா விமானம், திருச்சியில் கிளம்பிய சற்று நேரத்திலேயே ஹைட்ராலிக் (சக்கரம், பிரேக் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு) கோளாறாகி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

டிவியைப் போட்டால் 140-க்கும் மேற்பட்ட பயணிகளின் கதி என்ன என்பதே திரும்பத் திரும்ப ஓடியது. ஆம்புலன்ஸ்கள், தீயணைப்பு வண்டிகள் வேறு. "ஏண்ணே, பழுதுன்னா உடனே இறக்க வேண்டியதுதானே? எதுக்குச் சுத்திக்கிட்டே இருக்காங்க?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது போயிங் 737. சில பெரிய விமானங்களைப் போல எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி அதில் கிடையாது. 737 ரகத்தில் 800 என்ற மாடல் சுமார் 79 டன் வரை எடையோடு மேலே ஏறலாம். இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். ஷார்ஜா வரைக்கும் நிரப்பியதைப் பறந்து எரித்தால்தான் எடை குறையும். ஹைட்ராலிக் போய்விட்டாலும் சக்கரத்தை இறக்க வழி உண்டு. விமானி அறையில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் பூட்டு விலகி, சக்கரம் தன் கனத்திலேயே கீழே வந்துவிடும்.

இரவு எட்டேகால் மணி வாக்கில் விமானம் சாதாரணமாகவே தரையிறங்கியது. யாருக்கும் காயமில்லை. பிரேக்கில் சந்தேகம் என்று ஓட்டுநர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால், நாங்கள் பணிமனையில் அவரைத் தட்டிக்கொடுப்போம். அந்த விமானிகள் செய்ததும் அதே பொறுப்பான வேலைதான்.

என் வேண்டுகோள் இதுதான். இனி இப்படி நடந்தால், எரிபொருள் குறையத்தான் சுற்றுகிறார்கள் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். இணையப் பக்கத்தில் அந்த நிமிடமே போடுங்கள். நேரம் ஆக ஆக எடை குறைகிறது, இறங்குவது எளிதாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுற்றச் சுற்ற ஆபத்து கூடுகிறது என்று நினைத்து, எதிர்வீட்டு அம்மா அந்த இரண்டரை மணி நேரமும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து மெக்கானிக்,
திருச்சி.