வாய்பாட்டுக்கு முன் அசை: வடசென்னைத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னைப் பள்ளிகளில் 9, 10ஆம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

செய்யுளின் சீர்களை அசைகளாக, அதாவது ஓசைத் துண்டுகளாகப் பிரித்து வாய்பாடு சொல்வதே அலகிடுதல். அதில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அசை பிரிக்கும் இடத்தில்தான். தேமா, புளிமா என்று வாய்பாட்டுப் பெயர்களைக் கடகடவென ஒப்பிப்பவர்கள்கூட 'மணலி'யை ம/ண/லி என மூன்றாக உடைத்து, நேர் நேர் நேர் என்று எழுதிவிடுகிறார்கள். ஆகவே வாய்பாட்டுப் பெயர்களை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.

முதலில் பிரிக்கும் வழி மட்டும் போதும். நெடில் வந்தால் அங்கேயே வெட்டு. குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பார்: அது உயிர்மெய் என்றால், குறிலோ நெடிலோ, சேர்த்துக்கொண்டு வெட்டு. எதுவானாலும் பின்னால் ஒற்று (புள்ளி வைத்த மெய்யெழுத்து) நின்றால் அதையும் இழுத்துக்கொள். ஒற்றை நீக்கி எண்ணினால் ஓர் எழுத்து நேர், இரண்டு எழுத்து நிரை.

'காசிமேடு' இதற்கு அருமையான பயிற்சி. பொருள் பார்த்துக் காசி/மேடு என்று உடைப்பார்கள். கா/சிமே/டு என்பதே சரி: நேர் நிரை நேர், கூவிளங்காய். நெடில் தன் பின்னால் வரும் குறிலைச் சேர்க்காது. குறில் நெடிலைச் சேர்த்துக்கொள்ளும். இந்த ஒன்று பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிறகு பெயர்கள்: எண்ணூர் தேமா, மணலி புளிமா, துறைமுகம் கருவிளம், மீன்வலை கூவிளம். ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறையான தளையும் இதிலேயே வரும். 'எண்ணூர் மணலி' மாமுன் நிரை (மாவில் முடியும் வாய்பாட்டுச் சீரை அடுத்து நிரையசை), அது வெண்பாவுக்குரிய வெண்டளை. திருப்பி 'மணலி எண்ணூர்' என்றால் மாமுன் நேர். வெண்பாவில் தளை தட்டும்.

'இருக்கிறது' என்பதைப் பேச்சுவழக்கில் 'கீது' என்று எழுதும் பிள்ளையை அடித்துத் திருத்தாதீர்கள். இருக்/கிற/து கருவிளங்காய், கீ/து தேமா. இரண்டையும் பலகையில் எழுதி அலகிடச் சொல்லுங்கள். சொல் சுருங்கினால் சீர் எப்படி மாறுகிறது என்று கண்ணெதிரே தெரியும்.

கானா கேட்டு வளர்ந்த காதுக்கு, அடியின் கடைசி ஒலி ஒத்துப்போவதே எதுகை என்று படும். அது இயைபு. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றவேண்டும், முதலெழுத்தின் அளவும் ஒக்கவேண்டும். பாட்டு, கூட்டு எதுகை. பட்டு, பாட்டு ஆகாது.

முதலெழுத்து ஒன்றிவரும் மோனையில் உயிரின் இனத்தைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். அதனால் காசிமேட்டுக்குக் கப்பல் மோனை, கிழக்கு ஆகாது. இதைச் சொல்லித்தராமல் விடைத்தாளில் தவறு போடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இப்படிக்கு,
யாப்பு சொல்லித்தரும் சிலர்