ஓடை மூடியைத் தூக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு பருவமழை: ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. எங்கள் தெருவிலோ மழைநீர் ஓடையில் தூர்வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையே அதை மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறது. வாரிய மண்ணை அன்றன்றே அகற்ற வேண்டும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தண்ணீர் வடியட்டும் என்ற நல்லெண்ணத்தில் சிலர் ஓடை மூடியைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். கலங்கிய வெள்ளத்தில் அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது. பள்ளி விட்டு வரும் பிள்ளை அதில் கால் வைத்தால் என்ன ஆவது? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஓடை வாயை அடைக்கும் கதம்பை (தேங்காய் மட்டை), ஓலை, பிளாஸ்டிக் பைகளை மழைக்கு முன்பே, மேலே நின்றபடி நீண்ட கம்பால் இழுத்துப் போடுங்கள். உள்ளே இறங்கவே கூடாது. கழிவுநீர் கலந்த மூடிய ஓடையில் விஷவாயு இருக்கலாம்.

2017 ஒக்கிப் புயலில் சாய்ந்த மின்கம்பங்களை நாம் மறக்கவில்லை. தெருவில் தண்ணீர் நிற்கும்போது மின்கம்பம், அதைத் தாங்கும் இழுவைக் கம்பி அருகே யாரும் போக வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

- ஒரு வாசகி, நாகர்கோவில்