இரவுகளில் வந்திருந்த தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான உறவுகளே, நண்பர்களே,

அப்பாவின் அந்தியேட்டி நல்லபடியாக முடிந்தது. என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பலர் கூடவே இருந்தீர்கள். ஒவ்வொரு வீடாக வந்து நன்றி சொல்ல இப்போது தெம்பில்லை. அதனால்தான் இந்த மடல்.

சோறும் கறியும் சமைத்து வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போனவர்கள், மூச்சுக் கருவியைப் பூட்டவும் கழற்றவும் பொறுமையாகச் சொல்லித்தந்த தாதிமார், அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனவர்கள், கடைசி நாளில் தேவாரம் பாடியவர்கள், கனடாவிலிருந்தும் ஊரிலிருந்தும் அழைத்து எங்களோடு சேர்ந்து அழுதவர்கள், கல்வெட்டுக்கு (நினைவு மலருக்கு) பிழை திருத்தித் தந்தவர் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் இருக்கிற தம்பி, பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் கண்ணயரட்டும் என்று வார இறுதிகளில் இரவு வந்து அப்பாவோடு இருந்தவர்.

முதல் இரவு, விளக்கை அணைக்கப் போன அம்மாவை நிறுத்திவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "தாத்தா, எங்கையாவது கடிக்குதோ? சொறிஞ்சு விடட்டோ?"

அப்பாவுக்கு அப்போது பேச்சு போய்விட்டது. கண்ணை மேலே தூக்கினால் ஓம் என்று அர்த்தம். தம்பி ஒவ்வொரு இடமாகக் கேட்டார். நெற்றியோ? மூக்கோ? காதோ? காதுக்குப் பின்னாலேயோ? அப்பாவின் கண் மேலே போனது. நகம் படாமல், விரல் நுனியால் மெதுவாகச் சொறிந்துவிட்டார். அப்பாவின் முகம் தளர்ந்ததை நான் கதவடியில் நின்று பார்த்தேன்.

இதைக் கேட்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும் தம்பி என்றேன். "டோனி ஜட் எழுதியிருக்கிறார், அக்கா" என்றார்.

அதுவரை அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. 1948இல் லண்டனில் பிறந்த வரலாற்றாசிரியர். கேம்பிரிட்ஜில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் கற்பித்து, 1987இல் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 2008இல் அவருக்கும் அப்பாவுக்கு வந்த இதே ஏஎல்எஸ் நோய் வந்தது. தசைகளை இயக்கும் நரம்புகளை மெல்ல மெல்ல அழிக்கிற நோய். அடுத்த ஆண்டு அக்டோபரில், கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாத நிலையில், மூச்சுக் குழாயோடு சக்கர நாற்காலியில் மேடையேறி, குறிப்பு எதுவும் இல்லாமல் நீண்ட உரை ஆற்றினார். 2010 ஜனவரியில் அவர் தன் இரவுகளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை வந்தது. படுக்கையில் கிடத்திக் கை கால்களைச் சரிப்படுத்திய பிறகு, தலைமயிர் ஓரத்திலிருந்து கால்விரல் வரை கடைசியாக ஒருமுறை சொறிந்துவிடுவார்களாம். பிறகு விடியும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். வரலாற்றாசிரியர் செய்கிற வேலையைத்தான் அவர் தன் உடம்புக்கும் செய்தார் என்று நினைக்கிறேன். உள்ளதை உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைத்தார். அதனால்தான் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு என்ன கேட்பது என்று தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு வார இறுதியும் தம்பி ஜட் எழுதியதைப் படித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஜட்டுக்கும் ரயில் என்றால் உயிர். லண்டன் பட்னியில் தன் தாய் தகப்பன் நடத்திய சிகையலங்காரக் கடைக்கு மேலே குடியிருந்த பையன். படித்த இமானுவேல் பள்ளியோ கிளாபம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில், ரயில் பாதைகளுக்கு நடுவே இருக்கிறது. ஐரோப்பாவைப் பற்றிய அவருடைய பெரிய நூலை எழுதும் முடிவும் 1989 டிசம்பரில் வியன்னாவில் ரயில் மாறும்போது எடுத்ததுதான். பிராகிலிருந்து திரும்பி, வெஸ்ட்பான்ஹோஃப் நிலையத்தில் நின்றிருக்கிறார். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்துகொண்டிருந்தன. அந்த நூல் வெளிவர 2005 ஆகிவிட்டது. இந்தக் கதையைத் தம்பி சொன்னபோது அப்பாவின் கண் மேலே போனது. இன்னொருமுறை சொல் என்று அர்த்தம்.

அப்பா திரும்பக் கேட்ட இன்னொரு இடமும் உண்டு. ஜட் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்கிற கூட்டுப் பண்ணைகளில் போய் வேலை செய்தவர். 1967 போரின்போது தொண்டராகப் போனவர். அதே மனிதர் 2003இல், யூதரும் அரபியரும் சமமாக வாழும் ஒரே நாடுதான் வழி என்று எழுதினார். சொந்தச் சனத்திடமிருந்தே வந்த கோபத்தைத் தாங்கிக்கொண்டார். சொந்த மண்ணின் போரைக் கண்ட அப்பாவுக்கு அதில் என்ன பட்டதோ, கண்ணோரம் ஈரமாகிவிட்டது.

தூக்கம் வராத இரவுகளில் ஜட் தன் சிறுவயதில் தங்கிய சுவிஸ் மலை வீடு ஒன்றை மனதுக்குள் கட்டி, அறை அறையாக நினைவுகளை அடுக்கிவைப்பாராம். காலையில் எடுத்து, உதவியாளரிடம் சொல்லி எழுதவைப்பார். தம்பி அப்பாவிடம், "நீங்கள் எங்கே வைப்பியள் தாத்தா?" என்று கேட்டு கண்ணால் எழுத்தைக் காட்டும் பலகையைப் பிடித்தார். கொ, டி... முழுதும் முடிக்கும் முன்பே அம்மா கொடிகாமம் ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அங்கே டிக்கட் யன்னல், மேடை, கைகாட்டி என்று தம்பி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அப்பா ஓம் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

ஜட் 2010 ஆகஸ்ட் 6 அன்று இறந்தார். 62 வயதுதான். அப்படி ஒரு தலை இன்னும் இருபது வருடம் இருந்திருக்கலாம் என்று இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

தம்பி, உனக்கு நான் பணமாகவோ பொருளாகவோ எதைத் தந்தாலும் காணாது. நீ செய்ததை இனி நானும் செய்யப் போகிறேன். தெற்கு லண்டனில் இந்த நோயோடு இருக்கிற வீடு எதுவாக இருந்தாலும், இரவுக்கு ஓர் ஆள் தேவையென்றால் தயங்காமல் எனக்குச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் வந்து இருப்பேன். மூச்சுக் கருவியும் எனக்குப் பழக்கம்.

நன்றியுடன்,
மகள், குடும்பத்தார் சார்பில்