காற்றுச் சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். புயலுக்குப் பிறகு திங்கட்கிழமை பள்ளியைத் திறந்தோம். பாதிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். ஏன் என்று தெரியாமல் இல்லை. மணலில் புதைந்த வலையை இழுக்க ஆள் வேண்டும், ஓடு மாற்ற வேண்டும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. இருந்தாலும் அனுப்பி வையுங்கள். சீருடை வேண்டாம், இருக்கிற உடுப்பு போதும். புத்தகம் நனைந்து போயிருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். மாற்றுப் புத்தகம் கேட்டு எழுதியிருக்கிறோம். மதியச் சோறு வழக்கம்போல் உண்டு.

நான் சொல்ல வந்தது வேறு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாளாகச் செருப்பைக் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். தென்னை மட்டை தகரத்தில் உரசினால் எழுந்து நின்றுவிடுகிறான். முதல் நாள் டீச்சர் அதட்டியிருக்கிறார். அப்புறம்தான் தெரிந்தது: புயல் அடித்த ராத்திரி, முகாமுக்குக் கூட்டிப்போக ஆள் வரும்வரை, மேலே கூரைத் தகரம் அடித்துக்கொள்ள, அவன் அப்படியேதான் உட்கார்ந்திருந்தானாம். சரி, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். படுக்கையை நனைப்பது, அம்மா எங்கே போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வருவது, சோறு இறங்காமல் தவிப்பது. ‘கடற்கரைப் பிள்ளைக்குக் காத்துக்குப் பயமா’ என்று கேலி செய்யாதீர்கள். பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும். அப்பா மறுபடி கடலுக்குப் போகும் அன்று பயம் கூடலாம். எந்நேரம் கரைக்கு வருவீர்கள் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு மாதம் கழித்தும் தூக்கம் இல்லையென்றால் என்னிடம் வாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

தாத்தா பாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையும், பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டுபோன கதை இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். பிள்ளைகள் கேட்டால் மறைக்க வேண்டாம். ஆனால் விளக்கை அணைத்த பிறகு வேண்டாம், பகலில் சொல்லுங்கள். இப்போதெல்லாம் புயல் எந்தப் பக்கம் வருகிறது என்று சில நாள் முன்பே தெரிந்துவிடுகிறது, அதனால்தான் நாம் முகாமுக்குப் போக முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயம். கிணறு உப்புக் கரித்தால் கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. லாரித் தண்ணீரைப் பிடித்து, அதையும் கொதிக்கவைத்து ஆற்றி, பாட்டிலில் கொடுத்து அனுப்புங்கள். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு விடாதீர்கள். தகரத் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கின்றன, எலிக்காய்ச்சலும் அதில் வரும்.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பெற்றோர் கூட்டம். வேப்பமரத்தடியில் என்று பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்தேன். சத்துணவுக்கூட வாசலுக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்